உழைக்காத பங்காளி

திருகோணமலை சீனன்குடாவின் 99 எண்ணெய்க் குதங்களும் கூட்டுத் தொழிலைப் பற்றி எந்தப் பாடநூலும் சொல்லாத ஒன்றைச் சொல்கின்றன. பிரித்தானியக் கடற்படைக்காக, இரண்டாம் உலகப் போருக்கு முந்திய ஆண்டுகளில் கட்டப்பட்டவை அவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது அந்தத் தொகுதியில் இவற்றோடு இருந்த இன்னொரு குதம் எரிந்து அழிந்தது. எஞ்சியவற்றுக்கு அதைவிடப் பெரிய சேதத்தைச் செய்தது காத்திருப்புத்தான்.

1987 ஜூலை 29ஆம் திகதி இலங்கை, இந்திய உடன்படிக்கையோடு கைமாறிய கடிதங்களிலேயே, இந்தக் குதங்களைத் திருத்தி இயக்குவது இரு நாடுகளின் கூட்டு முயற்சியாக இருக்கும் என்று எழுதப்பட்டது. அதன்பின் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. 2003 பெப்ரவரியில் இந்தியன் ஒயில் நிறுவனத்தின் துணை நிறுவனமான லங்கா ஐஓசியோடு ஓர் ஒப்பந்தம் வந்தது. 35 ஆண்டுக் குத்தகை, ஆண்டுக்கு 100,000 டொலர் வாடகை. முறையான குத்தகை உறுதி ஆறு மாதங்களுக்குள் எழுதப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த உறுதி எழுதப்படவேயில்லை. கீழ்த் தொகுதியை லங்கா ஐஓசி பயன்படுத்தியது. மேல் தொகுதிக் குதங்களைக் காடு மூடியது. வேலை செய்யாதவர் யார் என்று கேட்டால் கொழும்பு ஒரு பக்கத்தைக் காட்டும், டில்லி மறுபக்கத்தைக் காட்டும். இரண்டு பக்கத்திலும் ஓரளவு உண்மை இருந்தது. இப்படியே பத்தொன்பது ஆண்டுகள் போயின.

அரசுகளுக்கு அவ்வளவு காலம் தாங்கும். நிலாவெளியில் ஒரு படகோடும் ஒரு கடனோடும் தொடங்கிய இரண்டு இளைஞர்களுக்குப் பத்தொன்பது மாதம்கூடத் தாங்காது. இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

சொல்லாமல் போகும் இரண்டாம் ஆண்டு

இப்படி வைத்துக்கொள்வோம். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த இரண்டு பேர். ஒருவருக்குக் கடல் தெரியும், படகு ஓட்டத் தெரியும். மற்றவர் திருகோணமலை வளாகத்தில் கணினி படித்தவர். திமிங்கிலம் பார்க்கவும் புறாத்தீவுக்குப் போகவும் வரும் பயணிகளை நேரடியாகப் பிடிக்க ஒரு செயலி, ஒரு இணையத்தளம், ஒரு படகு. முதலீட்டில் பாதி சேமிப்பு, மீதி அம்மாவின் நகையை அடகு வைத்து வந்தது. பங்கு ஆளுக்குப் பாதி. அதைத் தீர்மானிக்க ஒரு தேநீர் குடிக்கும் நேரம்தான் ஆனது. வேறு விதமாகப் பேசியிருந்தால் நட்புக்கே குறை வந்திருக்கும்.

முதல் பருவம் நன்றாகப் போகிறது. வாடைக்காற்று தொடங்கிக் கடல் கொந்தளித்ததும் இரண்டு பேரும் ஓய்கிறார்கள். அடுத்த சித்திரையில் ஒருவர் மட்டும் திரும்பி வருகிறார். மற்றவருக்கு அரச நியமனம் கிடைத்துவிட்டது, அல்லது கனடாவுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார், அல்லது வீட்டில் யாருக்கோ நோய். செயலி பழுதாகிக் கிடக்கிறது. கேட்டால் “இந்தக் கிழமை பாக்கிறன் மச்சான்” என்கிறார். அந்தக் கிழமை வருவதில்லை. படகில் நிற்பவர் உள்ளே குமைகிறார், வெளியே சிரிக்கிறார். ஊரில் எல்லாரிடமும் குறை சொல்கிறார், கேட்க வேண்டியவரிடம் மட்டும் சொல்வதில்லை.

இது குறிப்பிட்ட ஒருவரின் கதையாக எழுதப்பட்டதல்ல. ஆனால் துறைமுகத்தை ஒட்டித் தொழில் செய்கிற எவரும் இதில் ஒரு முகத்தையாவது அடையாளம் காண்பார்கள். டைவிங் நிலையம், மீன் ஏற்றுமதி, மென்பொருள், கட்டடப் பொருள், எதுவானாலும் நோய் ஒன்றுதான். இங்கே பங்காளி என்பவர் பெரும்பாலும் மச்சானோ சித்தப்பா மகனோ பள்ளித் தோழனோதான். கொழும்பில் முன்பின் தெரியாத இருவர் சேர்ந்து கொம்பனி தொடங்கிப் பிரிந்தால் ஒரு தொழில் முடிகிறது. திருமலையில் பிரிந்தால் அடுத்த கலியாண வீட்டில் எந்த வரிசையில் உட்காருவது என்பதே பிரச்சினையாகிறது. தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று மூன்று சமூகங்களும் ஒரே துறைமுகத்தில் வேலை செய்யும் ஊர் இது. சமூகம் கடந்த கூட்டுத் தொழில்கள் இங்கே பல உண்டு. அவற்றில் ஒன்று கசப்பாக முறிந்தால் அந்த இருவரோடு பேச்சு நிற்பதில்லை. ஆகவேதான் இங்கே இந்த விடயத்தைக் கவனமாகவும் சீக்கிரமாகவும் கையாள வேண்டும் என்கிறேன்.

சட்டம் யார் பக்கம்?

படகில் நிற்பவர் நினைக்கிறார், “நான்தானே உழைக்கிறேன், நியாயம் என் பக்கம்” என்று. இலங்கைச் சட்டத்தைத் திறந்து பார்த்தால் அவருக்கு அதிர்ச்சிதான்.

கூட்டாண்மை விடயத்தில் நம் நாட்டில் ஆங்கிலச் சட்டம் செல்லும். குடியியல் சட்டக் கட்டளைச் சட்டம் அந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறது. இங்கிலாந்தின் 1890ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம் சொல்வது இது: பங்காளிகளுக்குள் வேறு உடன்பாடு இல்லாவிட்டால் லாபமும் நட்டமும் சமம். தொழிலை நடத்துவதற்காக எந்தப் பங்காளிக்கும் சம்பளம் கேட்க உரிமை இல்லை. நிர்வாகத்தில் எல்லாருக்கும் இடம் உண்டு. முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால், பெரும்பான்மை சேர்ந்தாலும் ஒரு பங்காளியை வெளியேற்ற முடியாது. அதாவது அதிகாலை நான்கு மணிக்குப் படகை இறக்குபவருக்கும் வீட்டில் தூங்குபவருக்கும் சட்டத்தின் கண்ணில் வித்தியாசமே இல்லை. காலவரையறை இல்லாத கூட்டு என்றால் ஒருவர் அறிவித்தல் கொடுத்து முழுக் கூட்டையும் கலைக்கலாம். சோம்பியிருப்பவரை மட்டும் கழற்றிவிட வழி கிடையாது.

இதைவிடக் கடுமையானது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு. மூலதனம் ஆயிரம் ரூபாயைத் தாண்டினால் கூட்டாண்மை எழுத்தில் இருக்க வேண்டும், உரியவர் கையொப்பம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதை நீதிமன்றத்தில் நிலைநாட்ட முடியாது. ஆயிரம் ரூபாய் இன்று இரண்டு பேர் வயிறாரக் கொத்துரொட்டி சாப்பிடவே காணாது. ஆகவே இலங்கையில் இன்று தொடங்கப்படும் ஏறத்தாழ ஒவ்வொரு கூட்டாண்மையும் இந்தப் பிரிவுக்குள் வருகிறது. அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. மூன்றாம் ஆள் பங்காளிகள்மீது வழக்குப் போடுவதற்கு இந்த எழுத்து அவசியமில்லை. கடன் கொடுத்தவர் உங்கள் இருவரையும் பங்காளிகள் என்று சூழ்நிலையை வைத்தே நிரூபிக்கலாம். நீங்கள் ஒருவருக்கெதிராக ஒருவர் அதை நிரூபிக்கத் தாள் வேண்டும். வாய்ப்பேச்சில் நிற்கும் கூட்டில் கடன் மட்டும் உறுதியாக நிற்கும்.

பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழைச் சட்டகம் போட்டுக் கடையில் மாட்டிவிட்டு, ‘எல்லாம் பதிஞ்சாச்சு’ என்று இருப்பவர்கள் பலர். அந்தச் சான்றிதழ் தொழிலில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லும். யார் எந்த வேலை செய்ய வேண்டும், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லாது.

கொம்பனியாகப் பதிந்தவர்களின் நிலை கொஞ்சம் நல்லது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கொம்பனிகள் சட்டப்படி சாதாரணத் தீர்மானத்தால் ஒரு பணிப்பாளரை நீக்கலாம். ஆனால் சாதாரணத் தீர்மானத்துக்குப் பாதிக்கு மேல் வாக்கு வேண்டும். ஆளுக்குப் பாதி வைத்திருக்கும் இருவரில் எவராலும் அதை நிறைவேற்ற முடியாது. நீக்கினாலும் பதவிதான் போகும், பங்கு அவரிடமே இருக்கும். சிறுபான்மைப் பங்குதாரர் நசுக்கப்பட்டால் 224ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் போகலாம். அது தேவையான பாதுகாப்புத்தான். ஆனால் அவசரப்பட்டு ஆளைத் தள்ளியவருக்கு அதுவே வழக்காகத் திரும்பி வரும்.

பாதிக்குப் பாதி

சம பங்கு என்பது நட்பின் அடையாளம் என்று நினைக்கிறோம். சம்பூரைப் பாருங்கள். மூதூர்ப் பக்கம், கொட்டியார்க் குடாவுக்கு மறுபுறம், 500 மெகாவாற் அனல்மின் நிலையம் கட்ட இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் என்டிபிசியும் 2011இல் சேர்ந்து திருகோணமலை மின்சாரக் கொம்பனியை உருவாக்கின. பங்கு 50க்கு 50. 2013 ஒக்டோபரில் மின்சாரக் கொள்வனவு உடன்படிக்கைகூடக் கையொப்பமானது. 2016 செப்ரெம்பரில், அங்கே நிலக்கரி நிலையம் கட்டப்படாது என்று அரசு உயர் நீதிமன்றத்தில் தெரிவித்தது. சுற்றுச்சூழல், இடம்பெயர்ந்த மக்களின் காணி என்று அதற்குப் பல காரணங்கள் இருந்தன. நிலையம் வராமல் போனதற்கு நான் வருந்தவில்லை. கவனிக்க வேண்டியது, ஒரு பங்காளி பின்வாங்கியதும் மற்றவரால் ஓர் அடி எடுத்து வைக்க முடியாமல் போனதை. சமமாகப் பிரித்த கொம்பனியில் முன்னே போக இரண்டு பேர் வேண்டும், நிறுத்த ஒருவர் போதும்.

அமெரிக்க ஆய்வாளர் நோம் வாசர்மன் ஏறத்தாழ 10,000 நிறுவனர்கள் பற்றிய தரவைத் திரட்டி 2012இல் ஒரு நூல் எழுதினார். தொடக்கத்திலேயே அவசரமாகப் பங்கைப் பிரித்து, பிறகு மாற்ற முடியாதபடி பூட்டி வைப்பதுதான் நிறுவனர்கள் செய்யும் பெரிய பிழைகளில் ஒன்று என்பது அவர் வாதம். யார் எவ்வளவு உழைப்பார், யார் விலகுவார் என்று எவருக்கும் தெரியாத நாளில் பங்கு நிரந்தரமாகிவிடுகிறது. இந்த நோயின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. சோம்பேறி என்று நாம் திட்டும் பங்காளிகளில் பலர் பிறவிச் சோம்பேறிகள் இல்லை. உழைத்தாலும் பாதி, உழைக்காவிட்டாலும் பாதி என்று எழுதிக் கொடுத்தவர்கள் நாம்.

நம் பெரியவர்கள் இந்தப் பிழையைச் செய்யவில்லை. திருமலைக் கடற்கரையில் இன்றும் மீன்பிடிப் பங்கு எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள். எண்ணெய், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்தபின் வள்ளம், வலை, இயந்திரம் வைத்திருப்பவருக்கு ஒரு பங்கு. கடலுக்குப் போனவர்களுக்கு ஆள்பங்கு. கணக்கு இடத்துக்கு இடம் மாறலாம், அடிப்படை மாறாது. முதலுக்குக் கூலி வேறு, உழைப்புக்குக் கூலி வேறு. அன்று கடலுக்குப் போகாதவருக்கு அன்றைய ஆள்பங்கு கிடையாது. அதனால் அவர் வள்ளத்தின் உரிமையை இழப்பதுமில்லை. யாரும் அதை அவமானமாக எடுப்பதில்லை, ஏனென்றால் விதி முதல் நாளே எல்லாருக்கும் தெரியும்.

பர்மாவிலும் இலங்கையிலும் வட்டித் தொழில் நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் முகவரைப் பொதுவாக மூன்று ஆண்டுத் தவணைக்கே அனுப்பினார்கள். தவணை முடிந்தால் கணக்கு ஒப்படைத்து ஊர் திரும்ப வேண்டும். நன்றாக நடத்தியவர் மறுபடி போவார். சரியில்லாதவரைத் தள்ளிவிடச் சண்டை தேவைப்படவில்லை, தவணையே முடித்துவைத்தது. இன்று கலிபோர்னியாவின் புதுநிறுவனங்கள் செய்வதும் இதுவே. நிறுவனரின் பங்கு வழக்கமாக நான்கு ஆண்டுகளில் சிறுகச் சிறுக அவருக்குச் சேரும். முதல் ஆண்டு முடியுமுன் விலகினால் ஒன்றும் சேராது. இரண்டாம் ஆண்டோடு போனால் பாதிதான் அவருடையது.

ஏன் ஓய்ந்தார் என்று முதலில் கேளுங்கள்

பேசுவதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முடியாமல் இருப்பவர், தெரியாமல் இருப்பவர், மனமில்லாமல் இருப்பவர் மூவரும் வெளியே ஒரே மாதிரித்தான் தெரிவார்கள்.

2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல், 2020 கொரோனா, 2022 எரிபொருள் வரிசை. இந்த மூன்றையும் கடந்து வந்த கிழக்குக் கரைச் சுற்றுலாத் தொழிலில், ஒரு பங்காளி வேறு சம்பளம் தேடிப் போனதைத் துரோகம் என்று சொல்ல என்னால் முடியாது. அவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். அவரோடு பேச வேண்டியது அவர் எத்தனை மணிநேரம் தர முடியும், அதற்கு ஏற்ற பங்கு எவ்வளவு என்பதை. தெரியாமல் இருப்பவருக்கு வேலையை மாற்றிக் கொடுத்துப் பார்க்கலாம். செயலி எழுதத் தெரிந்தவரை ஹோட்டல் முகாமையாளர்களிடம் போய்ப் பேச வைத்துவிட்டு, அவர் பேசவில்லை என்று கோபிப்பது நியாயமில்லை. மனமில்லாதவரோடுதான் பிரிவைப் பற்றிப் பேச வேண்டும்.

பருவத்தையும் கணக்கில் எடுங்கள். மார்கழி மாரியில் ஒருவர் சும்மா இருப்பதை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். சித்திரையில் தொடங்கும் ஒரு முழுப் பருவத்தில் அவர் பொறுப்பேற்ற வேலைகளில் எவை முடிந்தன என்பதே அளவு.

பேச்சைத் தொலைபேசியில் வைக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் கட்டாயம் வேண்டாம். கணக்குப் புத்தகத்தை நடுவில் வைத்துக்கொண்டு நேரில் உட்காருங்கள். “நீ ஒண்டும் செய்யிறாய் இல்லை” என்று தொடங்கினால் பேச்சு அந்த வசனத்தோடு முடிந்துவிடும். “வைகாசியில் 12ஆம் திகதிக்குள் பதிவுப் பக்கம் சரியாகும் என்று சொன்னாய், ஆடி வந்துவிட்டது, இவ்வளவு பயணிகள் திரும்பிப் போனார்கள், என்ன நடந்தது?” என்று கேட்டால் பதில் சொல்ல ஏதாவது இருக்கும். பதிலைக் கேட்டபின் அறுபது நாளோ தொண்ணூறு நாளோ ஒரு கெடுவை இருவரும் சேர்ந்து வையுங்கள். அந்த நாளில் மறுபடி உட்காருங்கள். கெடு முடிந்தபின் மறுபடி ஒரு கெடு வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சீனன்குடாவில் 1987இலிருந்து நடந்தது அதுதான்.

இருவரும் முகம் பார்க்க முடியாத நிலைக்கு வந்துவிட்டால், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி இயங்கும் மத்தியஸ்த சபை இருக்கிறது. சனங்கள் இணக்க சபை என்று சொல்வது இதைத்தான். செலவில்லாமல், மூன்றாம் ஆள் முன்னிலையில் பேச இடம் கிடைக்கும். அதற்கு முன் இருவரும் மதிக்கிற ஒரு பழைய ஆசிரியரோ, கணக்காளரோ போதுமாகலாம். இரண்டு குடும்பத்தையும் கூட்டி வைத்துப் பேசுவதை மட்டும் தவிருங்கள். தொழில் கணக்கு அங்கே சொந்தக் கணக்காகிவிடும்.

மறைவாகத் தள்ளினால்

வேலை செய்யாதவரைப் பேசாமலே கழற்றிவிடுவது சிலருக்கு இலகுவாகத் தெரியும். கடவுச்சொல்லை மாற்றுவது, புதுப் பெயரில் இன்னொரு கொம்பனி தொடங்குவது, வாடிக்கையாளரை அங்கே மாற்றுவது. ஸ்னப்சட் தொடங்கிய காலத்தில், மறைந்துபோகும் படம் என்ற யோசனை தன்னுடையது என்று சொன்ன ரெஜி பிரவுனை 2011இல் மற்ற இரு நிறுவனர்களும் ஒதுக்கினார்கள். 2013இல் அவர் வழக்குப் போட்டார். இறுதியில் அவருக்குக் கொடுக்கப்பட்ட தொகை 157.5 மில்லியன் டொலர். 2004 கோடையில் மற்ற நிறுவனர்கள் கலிபோர்னியாவில் பேஸ்புக்கைக் கட்டிக்கொண்டிருந்தபோது எடுவார்டோ சவெரின் நியூயோர்க்கில் இருந்தார். அவர் பங்கு புதுப் பங்கு வெளியீட்டால் கரைக்கப்பட்டது. அதுவும் வழக்கானது, சமரசத்தில் முடிந்தது, இணை நிறுவனர் என்ற பெயர் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. அவர்களிடம் கொடுக்கப் பணம் இருந்தது. நிலாவெளிப் படகுக்காரரிடம் படகுதான் இருக்கிறது.

இந்திய மென்பொருள் நிறுவனமான இன்போசிஸ் வேறு வழியில் போனது. 1981இல் ஏழு பேர் தொடங்கிய கொம்பனி அது. 1989இல் அவர்களில் ஒருவரான அசோக் அரோரா விலகினார். அடுத்த ஆண்டு கொம்பனியையே பத்து லட்சம் டொலருக்கு வாங்க ஆள் வந்தபோது, மற்ற நிறுவனர்களுக்கு மனம் சோர்ந்திருந்தது. விற்க விரும்பினால் உங்கள் பங்கை நானே வாங்கிக்கொள்கிறேன் என்றார் அவர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி. போக விரும்புபவருக்குக் கதவைத் திறந்து விலையும் சொன்னதால், மீதி இருந்தவர்கள் மனமறிந்து இருந்தார்கள். அவர்கள் எல்லாருமே தங்கினார்கள்.

நம் ஊரில் விலை சொல்வது கடினம்தான். பணம் இல்லை. வங்கி கொடுக்காது. ஆனால் தவணையில் வாங்கலாம். பருவம் முடியும் ஒவ்வொரு புரட்டாதியிலும் ஒரு பகுதி என்று மூன்று ஆண்டில் கொடுத்து முடிக்கலாம். கொம்பனியே பங்கைத் திரும்ப வாங்கவும் சட்டம் இடம் தருகிறது, வாங்கியபின்னும் கடனை அடைக்கும் நிலையில் கொம்பனி இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. விலகுபவர் கடனுக்கு வைத்த பிணைக் கையொப்பத்தை வங்கியில் விடுவித்துக் கொடுக்க மறக்காதீர்கள். நட்புகள் முறிவது பெரும்பாலும் அந்த ஒரு கையொப்பத்தில்தான்.

ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ காசு போட்ட பங்காளியின் விடயம் இதில் சேராது. அவர் உழைப்பதாகச் சொல்லவே இல்லை. அவருடைய பங்கை முதலுக்கான பங்கு என்று முதல் நாளே தனியே எழுதிவிட்டால், அவர் வேலை செய்யவில்லை என்ற முறைப்பாடே எழாது.

சீனன்குடாவில் கிடைத்த வழி

2022 ஜனவரி 6ஆம் திகதி குதங்களின் முடிச்சு ஒருவாறு அவிழ்ந்தது. 14 குதங்கள் லங்கா ஐஓசிக்கு. 24 குதங்கள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு. மீதி 61 குதங்கள் திருகோணமலைப் பெற்றோலிய முனையம் என்ற புதுக் கொம்பனிக்கு. அதில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், லங்கா ஐஓசிக்கு 49 வீதம். குத்தகைக் காலம் 50 ஆண்டு. அந்த ஒப்பந்தத்தை எதிர்த்தவர்கள் உண்டு, அந்த விவாதம் நியாயமானது. ஆனால் அதன் அமைப்பை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் தானே பொறுப்பேற்கும் ஒரு பகுதி. அதில் வேலை நடக்காவிட்டால் மற்றவரைக் காட்டித் தப்ப முடியாது. பொதுவில் இருப்பதிலும் முடிவெடுக்கும் கை யாருடையது என்று தெளிவு. 2025 ஏப்ரலில் ஐக்கிய அரபு அமீரகத்தையும் சேர்த்துத் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் முத்தரப்பு உடன்பாடு வந்ததற்கும், முதலில் இருவருக்குள்ளும் இருந்த முடிச்சு அவிழ்ந்திருந்தது உதவியாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். சண்டையிலிருக்கும் இரண்டு பங்காளிகளோடு மூன்றாமவர் வந்து சேரமாட்டார். சின்னத் தொழிலுக்கு முதலீடு தேடிப் போகிறவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நிலாவெளி நண்பர்களுக்கும் இதே பிரிப்புப் பொருந்தும். படகும் கடலும் ஒருவர் பொறுப்பு, செயலியும் பதிவும் மற்றவர் பொறுப்பு, வருமானத்தில் அந்தந்த வேலைக்குத் தனிக் கூலி, பொதுவானதில் ஒருவருக்கு 51.

கூட்டுத் தொழில் நடத்துகிற, நடத்த நினைக்கிற திருமலை இளைஞர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பருவம் தொடங்குமுன் பங்காளியோடு உட்காருங்கள். யாருக்கு என்ன வேலை, வேலை நின்றால் பங்கு எப்படிக் குறையும், விலகினால் விலை எப்படிக் கணக்கிடப்படும், கடனுக்கு யார் பொறுப்பு என்ற நான்கையும் தமிழிலேயே ஒரு தாளில் எழுதி, திகதி போட்டு, இருவரும் கையொப்பமிடுங்கள். 18ஆம் பிரிவு நொத்தாரிசைக்கூடக் கேட்பதில்லை. முடிந்தால் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். முடியாவிட்டாலும் எழுதுங்கள்.